வளையம் போட்ட மரத்துக் காளான்

பிச்சைமணியின் வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. என் அரிவாள், என் கை, என் கோபம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனது விரலை வெட்ட அல்ல. அவன் பெண்டாட்டியும் என் தங்கையுமான சுருளியம்மாளை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. இதைச் சொன்னால் எவனும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது. கேட்கிறவர்கள் முழுக்கக் கேளுங்கள்.

என் பெயர் சோலை. கம்பம் பக்கம். அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் காலராவில் போனபோது எனக்குப் பதினேழு, சுருளிக்கு ஏழு. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான். பங்காளி ஒருத்தன் அவளை வேலைக்காரி மாதிரி அடித்தான் என்று அவன் மண்டையை உடைத்துவிட்டு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினேன். குமுளியைத் தாண்டி, சக்குபள்ளத்துக்கு மேலே ஓர் ஏலக்காட்டில் வேலை கிடைத்தது. மரம் சாகடிக்கிற வேலை.

அப்படியும் ஒரு வேலை இருந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஆனால் நிழல் கூடிப்போனால் காய் பிடிக்காது. வேண்டாத மரத்தை வெட்டிச் சாய்த்தால் அடியில் இருக்கிற ஐம்பது செடி நசுங்கும். அது போக, எங்கள் முதலாளி வைத்திருந்த காட்டில் மேல்பாதிக்குப் பட்டயமே கிடையாது. வனம் வகுப்பு என்கிற காட்டிலாகாவின் நிலம். கோடரிச் சத்தம் கேட்டால் பாரஸ்ட் கார்டு வந்து நிற்பான். அதனால் மரத்துக்கு வளையம் போடுவோம். இடுப்பு உயரத்தில் இரண்டு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்தெடுத்துவிட்டு, வெள்ளையாகத் தெரிகிற கட்டையின் மேல் தகர டின்னில் வரும் விஷத்தைப் பூச வேண்டும். டின்னில் மண்டையோட்டுப் படம் இருக்கும். நாங்கள் அதை மருந்து என்றுதான் சொல்வோம். இரண்டு மாதத்தில் இலை கொட்டும். மரம் நின்றபடியே சாகும். கார்டு கேட்டால், இடி விழுந்தது சார் என்று சொல்லிவிடலாம்.

மரம் கத்தாது, அதனால் கொல்வது சுலபம் என்று நினைக்காதீர்கள். பட்டையை உரிக்கும்போது சில மரம் கை முழுக்கப் பாலை ஊற்றும். ஓர் அயினி மரம் வளையம் போட்ட பிறகும் நாலு மாதம் பிடிவாதமாகத் துளிர் விட்டது. நான் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மறுபடி ஆழமாகக் கொத்தி, மறுபடி பூசினேன். செத்தது. "பேரு சோலை, செய்யிறது கொலை" என்று லயத்தில், எங்கள் கூலியாள் வீட்டு வரிசையில், பொம்பளைகள் கேலி பேசுவார்கள். நானும் சிரிப்பேன். இருபது வருஷத்தில் ஆயிரம் மரமாவது கொன்றிருப்பேன்.

பிச்சைமணி அதே காட்டில் கங்காணி. எந்த மரத்துக்கு வளையம் போட வேண்டும் என்று காட்டுவதும், பூட்டிய ஷெட்டிலிருந்து டின்னை எடுத்துத் தருவதும் அவன்தான். குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான் என்று பார்த்துச் சுருளியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தேன். இரண்டு பெண் குழந்தைகள். நல்லபடியாகத்தான் இருந்தார்கள். நான் அடுத்த லயத்தில் தனியாக இருந்தேன். எனக்குப் பெண் கொடுக்க எவனுக்கும் தைரியமில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம், மழை தொடங்குகிற சமயம், சுருளிக்கு இடது மாரில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. மதுரையில் காட்டினோம். அங்கே டாக்டரம்மா நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இது புற்று, ஒரு மாதத்துக்குள் மாரை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் என் கையில் இல்லை என்றார். தேதியும் குறித்துக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது சுருளி என் தோளில் சாய்ந்து அழுதாள். பிச்சைமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குமுளியில் இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மச்சான், மாரை அறுத்துட்டா அப்புறம் அவ பொம்பளையா?"

அங்கேயே அவனை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் அறுக்க வேண்டாம் என்றுதான் இருந்தது. வெட்டுவதே தொழிலாக இருந்தவனுக்குத் தங்கை மேல் கத்தி படுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

அந்த வாரந்தான் அமிர்தநாதன் சார் வந்தார். கீழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். மழைக்காலத்தில் மரத்தில் முளைக்கிற காளான்களைச் சேகரித்து ஆராய்ச்சி செய்கிறாராம். முதலாளியிடம் எழுதி வாங்கி வந்திருந்தார். வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். லயத்துக்குப் பக்கத்தில் இருந்த கிழட்டுப் பலாமரத்தில், தட்டு கவிழ்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த கட்டைக்காளானைக் கண்டதும் மனிதருக்கு முகமெல்லாம் பல். சமைத்துச் சாப்பிடுகிற காளான் இல்லை அது. மரம் மாதிரி கெட்டி. உளியை வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

"இதை வச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்றேன்.

"இந்த இனத்துக் காளான்ல இருந்து ஒரு சத்தைப் பிரிச்சு, ஜப்பான்ல எலிகளுக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. புற்றுக்கட்டி வந்த எலிங்க. நிறைய எலிக்குக் கட்டி சுருங்கியிருக்கு. காளான் கட்டியைக் கொல்றதில்லை, உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தியை எழுப்பி விடுதுன்னு சொல்றாங்க. நம்ம மலையில இருக்கிறதுலயும் அது இருக்கான்னு பாக்கணும்."

உடனே தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க சோலை. இது எலியைத் தாண்டலை. மனுஷனுக்கு எவ்வளவு, எப்படி, கெடுதல் உண்டா, ஒண்ணும் தெரியாது. தெரிய இருபது வருஷம் ஆகலாம். டாக்டர் சொன்ன தேதிக்கு அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. கஷாயம் கிஷாயம்னு போட்டுடாதீங்க."

இப்படித்தான் சொன்னார், ஒரு சொல் கூடக் குறையாமல். அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் என் காது இருக்கிறதே, அது கட்டி சுருங்கியது என்பதை மட்டும் வாங்கிக்கொண்டது. எலி என்பதையும் இருபது வருஷம் என்பதையும் வழியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பிச்சைமணியிடம் சொன்னேன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "அறுக்காமத் தீருமா மச்சான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பலாமரத்தில் இருந்ததை சார் கொண்டுபோய்விட்டார். மிச்சம் இருந்தது உள்ளங்கை அளவு. ஆனால் மேல்பாதியில், நான் வளையம் போட்டுக் கொன்ற மரங்களில், அதே மாதிரி காளான் அடுக்கடுக்காகத் தட்டு வைத்தாற்போல் முளைத்துக் கிடந்தது. ஒவ்வொன்றும் முறம் அளவு. பிச்சைமணிதான் தயங்கினான். இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

"அது மருந்து பூசுன மரமாச்சே மச்சான்."

"மாப்ளே, யோசிச்சுப் பாரு," என்றேன் நான். "அந்த மருந்து ஆனைத்தண்டி மரத்தையே கொன்னுச்சு. செத்த மரத்தைத் தின்னுட்டு இது எப்படிக் கொழுத்துக் கெடக்கு பாத்தியா? அப்ப விஷத்தை விட இது பெருசு. உசிரோட இருக்கிற மரத்துக் காளான் சும்மா சோப்ளாங்கி. இதுதான் வீரியம். முள்ளை முள்ளாலதான எடுக்கணும்?"

மலையில் இருபது வருஷம் திமிராகத் திரிந்தவனின் அறிவு அவ்வளவுதான். அவனும் தலையாட்டினான். கோடரியால் நானே வெட்டி எடுத்து, சில்லுச் சில்லாக்கி, வெயிலில் காயப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் அதைப் பானையில் போட்டுக் கறுப்பாகச் சுண்டும் வரை காய்ச்சினான். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். சுருளி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். "அண்ணன் குடுத்தது. வேப்பெண்ணெயா இருந்தாலும் குடிப்பேன்" என்பாள்.

மதுரைத் தேதி வந்தது, போனது. அன்றைக்கும் பானை அடுப்பில்தான் இருந்தது.

அடுத்த மாதத்தில் சுருளியின் முகம் நிரம்ப ஆரம்பித்தது. ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியது. தோல் மினுமினுவென்று ஆனது. காய் எடுக்கப் போகிற பொம்பளைகள், "என்னடி, மூணாவதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிச்சைமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டி கரைந்துகொண்டு வருகிறது, கையால் பார்த்தேன் என்றான். நான் சுருளிமலைக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். அவ்வப்போது அவளுக்கு வாந்தி வந்தது. சீக்கு வெளியே போகிறது என்றோம். கால் மரத்துப்போகிறது என்றாள். மலைக் குளிர் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது.

தை மாதம் அமிர்தநாதன் சார் திரும்ப வந்தார். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் அவர்பாட்டுக்கு மேல்பாதிக்கு ஏறிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் செத்த மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன இது?"

"இடி விழுந்துச்சு சார்."

"இடி இடுப்பளவுல வட்டமா விழுமா சோலை? என்ன பூசுனீங்க இதுல?"

அது எமர்ஜென்சிக் காலம். ஒரு வார்த்தை வெளியே போனால் வனம் வகுப்பு ஜீப் லயத்து வாசலில் நிற்கும். வாயைத் திறந்தால் நாக்கு இருக்காது என்று முதலாளியின் ஆள் எனக்கும் பிச்சைமணிக்கும் முன்னமே சொல்லி வைத்திருந்தான். சார் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"உங்களைக் காட்டிக்கொடுக்க வரலை நான். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. காளான் தான் நிக்கிற கட்டையில என்ன இருக்கோ அதை உறிஞ்சும். நல்லதையும் உறிஞ்சும், கெட்டதையும் உறிஞ்சும். இதை யாராவது தொட்டு வாயில வச்சுடப் போறாங்க."

"வச்சா என்ன சார் ஆகும்?"

"உடனே ஒண்ணும் தெரியாது. அதான் ஆபத்து. முதல்ல முகம் உப்பி, பளபளன்னு ஆகும். ஆள் தேறிட்டான்னு நினைப்பாங்க. அப்புறம் வாந்தி. கை கால் மரத்துப்போகும். உள்ளங்கை, உள்ளங்கால்ல தோல் தடிச்சு முடிச்சு முடிச்சா வரும். அதுவே நாளாக நாளாகப் புற்றாகவும் மாறலாம்."

அவர் பேசப் பேச எனக்குச் சுருளியைப் படம் பிடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. அவர் சோதித்துப் பார்க்க ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அங்கேயே அந்த அயினி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? உனக்கு விஷம் கொடுத்தேன் தாயி என்றா? சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம். சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதலாம். இப்படியே ஒன்பது நாள் ஓட்டினேன். ஆயிரம் மரத்தைக் கொன்ற வீரனுக்கு ஒரு பொம்பளையிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லை. ஒன்பது நாளும் அவள் ஒன்பது டம்ளர் குடித்தாள். தூ.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, சுருளியே என் லயத்துக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சோள மணி பதித்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"அண்ணே, கட்டி கரையலை. அவரு கரைஞ்சிருச்சு கரைஞ்சிருச்சுங்கிறாரு. எந்தேகம் எனக்குத் தெரியாதா? எலுமிச்சம்பழம் கணக்கா ஆயிருச்சு. எனக்குச் சாக பயமா இருக்குண்ணே. ரெண்டும் பொட்டப்புள்ளைக. மதுரைக்குப் போகலாம்னு நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. "தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பது நாள் என்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் போனபோது பிச்சைமணி அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இரண்டும் வாசலில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தன. என் இடுப்பில் அரிவாள் இருந்தது. வேலைக்குப் போகாத நாளிலும் அது இருக்கும். அதற்கென்று எடுத்துக்கொண்டு போகவில்லை.

"மாப்ளே, அதைக் கீழ ஊத்து. அது விஷம். வாத்தியாரு சொல்லிட்டாரு. சுருளியை இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீதான முள்ளை முள்ளால எடுக்கணும்னு சொன்ன?"

"சொன்னேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. விடு."

"எந்த வாத்தியான் என்ன சொன்னா எனக்கென்ன? எம்பொண்டாட்டி முகத்தைப் பாரு. கல்யாணத்தப்பக் கூட இம்புட்டுக் களை இல்லை. அவளைக் கொண்டுபோய் அறுத்துப் போட்டு, ஒத்தை மாரோட கொண்டாந்து எங்கிட்ட விடப் போறியா? நான் அவளை வச்சு என்ன செய்ய?"

பானையை உதைத்தேன். கொதிக்கிற கறுப்புத் தண்ணீர் அவன் காலில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டே அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவி என் முகத்தில் அடித்தான். மேல்பல் இரண்டு அப்போதே போயிற்று. வாய் முழுக்க இரத்தமும் கரியும். மறுபடி அடித்தான். கழுத்தில் பட்டது. தோல் கருகிய வாடை எனக்கே வந்தது. நான் அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மண்சுவர் பொடிந்து விழுந்தது. அவன் என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. முழங்காலால் அவன் வயிற்றில் இடித்த பிறகுதான் விட்டான். பிள்ளைகள் வீறிட்டுக் கத்தின. லயத்துச் சனம் மொத்தமும் வெளியே நின்று பார்த்தது. எவனும் நடுவில் வரவில்லை, என் குணம் எல்லாருக்கும் தெரியும்.

சுருளி உள் அறையில் இருந்தாள். நான் அங்கே போவதற்குள் பிச்சைமணி எழுந்து ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான். நிலையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நெற்றியிலிருந்து இரத்தம் ஒழுகிக் கண்ணை மறைத்தது.

"கையை எடு மாப்ளே."

"எடுக்க மாட்டேன். எம்பொண்டாட்டி."

"கையை எடுத்துரு."

"வெட்டுடா. வெட்டு பாப்பம்."

மூன்றாம் தடவையும் சொன்னேன். அப்புறம் வெட்டினேன். அரிவாள் நிலைக்கட்டையில் அரை அங்குலம் இறங்கி நின்றது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் வாசற்படியில் கிடந்தன. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு அப்படியே சறுக்கி உட்கார்ந்தான். அப்போதும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை. அரிவாளைப் பிடுங்கிக் கழுத்துக்கு ஓங்கினேன். பெரியவள் ஓடி வந்து அப்பன் மேல் விழுந்தாள். எட்டு வயசு. அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் கை இறங்கியது. அவள் விழாவிட்டால் அன்றைக்கு அவனைக் கொன்றிருப்பேன்.

சுருளி வெளியே ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைக் கிழித்து அவன் கையில் சுற்றினாள். "பாவி, பாவி" என்று என்னைத் திட்டிக்கொண்டே சுற்றினாள். கட்டி முடித்ததும் அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கித் தோளில் போட்டேன். நேற்று என்னிடம் கெஞ்சியவள் இன்று என் முதுகைக் கடித்தாள், பிறாண்டினாள், என் எரிந்த கழுத்தில் குத்தினாள். "அவரு செத்துருவாரு, விடு, விடுடா" என்று கத்தினாள். அண்ணனை அவள் டா போட்டது அன்றைக்குத்தான். ஒன்றரை மைல் செங்குத்து இறக்கம். விடாமல் நடந்தேன். ரோட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றி வந்த ஒரு ஜீப்பை மறித்தேன். டிரைவர் என் வாயையும் அரிவாளையும் பார்த்துவிட்டு, எங்கே போகணும் என்றுகூடக் கேட்காமல் ஏற்றிக்கொண்டான். அவள் குதித்துவிடக் கூடாது என்று என் துண்டால் அவள் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினேன். மதுரை வரை அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. என்னைக் கன்னம் பழுக்க அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏழு மாசம்" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு மூன்று நாள் விஷத்துக்கு ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் மாரை எடுத்தார்கள். நான் கைநாட்டு வைத்தேன். குமுளியிலிருந்து போலீஸ்காரர்கள் வந்து வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முடிஞ்சுது, பிழைச்சுக்குவா என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் அவர்களோடு எழுந்து நடந்தேன். அவளைப் பார்க்க விடவில்லை.

கேஸ் நடக்க ஏழு மாதமாயிற்று. பிச்சைமணியை வெட்டியதற்கு ஒரு கேஸ். தங்கைக்கு விஷம் கொடுத்ததற்கு ஒரு கேஸ். ஷெட்டிலிருந்து டின்னைத் திருடி, முதலாளிக்குத் தெரியாமல் வனத்து மரங்களைக் கொன்றேன் என்று மூன்றாவதாக ஒன்று. எல்லாப் பாவத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லது. பாதி என்னுடையதுதானே.

அமிர்தநாதன் சார் சாட்சிக்கு வந்தார். தான் எடுத்துப்போன துண்டில் விஷம் இருந்ததைச் சொன்னார். கூடவே, காளான் மேல் குற்றமில்லை, உயிரோடு இருந்த பலாமரத்துக் காளானைத் தன் எலிகளுக்குக் கொடுத்ததில் சிலதுக்குக் கட்டி வளர்வது மட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் அது மருந்தா என்று இன்னும் தனக்குத் தெரியாது என்றார். அது இந்தக் கேஸுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் என்னைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டு போனார்.

அடுத்து சுருளியம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்து ஏழு மாதம். வெளிறிப் போயிருந்தாள். ஊதிய முகம் வற்றி, பழைய சுருளியாக இருந்தாள். முந்தானையை இடது பக்கம் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தாள். என் தங்கை எனக்காகப் பேச வந்திருக்கிறாள் என்று நம்பினேன். என்னை இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றியது எங்கண்ணன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

வக்கீல் கேட்டார், யார் உனக்கு அந்தக் காளானைக் கொடுத்தது என்று.

"எங்கண்ணன்."

"விஷம் பூசுன மரம்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். பூசுனதே அவருதான்."

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். போலீஸ்காரன் தோளை அழுத்தினான். அப்போது அவள் முகம் திரும்பிய பக்கம் நானும் பார்த்தேன். கோர்ட்டு வாசலில் பெஞ்சில் பிச்சைமணி உட்கார்ந்திருந்தான். இரண்டு பிள்ளைகளும் அவனுக்கு இரண்டு பக்கமும். சின்னவள் எழுந்து அம்மா என்று ஓடி வரப் பார்த்தாள். அவன் மூன்று விரலால் அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். சுருளி பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் எந்த விலைக்கு அவளைத் திரும்ப வீட்டுக்குள் சேர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. நான் ஜெயிலுக்குப் போகிறவன். அவளுக்குப் போக வேறு வீடு கிடையாது. பிள்ளைகள் அங்கேதான்.

மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார், இந்த ஸ்த்ரீ சொன்னதில் ஏதாவது மறுப்பு உண்டா என்று.

நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஷெட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் போதும். பிச்சைமணியும் என்னோடு கம்பி எண்ணுவான். என் பற்களுக்கு அது சரியாகப் போகும். அவளைப் பொய்சாட்சி என்று வக்கீல்கள் நாலு பேர் முன்னால் கிழிப்பார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இல்லைங்கய்யா," என்றேன். "எந்தங்கச்சி சொன்னது அம்புட்டும் நெசம்."

என் வாழ்க்கையில் கோபத்தை விழுங்கியது அந்த ஒரு தடவைதான். நாலரை வருஷம் போட்டார்கள். தீர்ப்பை வாசித்து முடிப்பதற்குள் சுருளி கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணே அண்ணே என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சிப்பாய் அதட்டினான். அவள் நிறுத்தவில்லை. என்னை விலங்கு போட்டு வெளியே கொண்டுவந்து, வேனில் ஏற்றி, வேன் ரோட்டுக்கு வரும் வரை அவள் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்காத, நல்ல தெம்பான அழுகை. அந்தத் தை மாதத்தில் அவளால் அப்படி அழுதிருக்க முடியாது.